சிடபிள்யூடி ஒரு மணி நேரப் போட்டி: நான் வியூ2 என்று அனுப்பினால் எதிரே யூயூ2 என்று எடுக்கிறார்கள், ஏன்?

மதுரை_பேடில்

வணக்கம். அமெச்சூர் ரேடியோவில் சிடபிள்யூஆப்ஸ் கிளப் வாராவாரம் நடத்தும் ஒரு மணி நேர மோர்ஸ் போட்டி (சிடபிள்யூடி) பற்றி ஒரு தொழில்நுட்பச் சந்தேகமும் சில விதிச் சந்தேகங்களும்.

ரிக் (டிரான்ஸீவர்) ஐகாம் ஐசி-7300. பின்னால் 300 வாட் மோஸ்ஃபெட் கிட் ஆம்ப்ளிஃபயர், உள்ளே ஆன்டெனாவை மாற்றிவிடச் சாதாரண ரிலே. ஆன்டெனா 20 மீட்டருக்கு இன்வர்ட்டட் வீ மட்டும். லாக் மென்பொருள் என்1எம்எம், யூஎஸ்பி கேபிளின் டிடிஆர் லைன் வழியாகக் கீயிங். செமி பிரேக்-இன் (எழுத்துகளுக்கு இடையே ரிசீவுக்குத் திரும்பாது), வேகம் நிமிடத்துக்கு 28 சொல்.

சிக்கல் இதுதான். சிக்யூ (யாரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) போடும் நிலையத்தைத் தேடிப்போய் வியூ2 என்று தொடங்கும் என் அழைப்புக்குறியை அனுப்பினால் பாதிப் பேர் யூயூ2 என்று திருப்பி அடிக்கிறார்கள். திருத்தவே இரண்டு மூன்று முறை ஆகிறது. ஆனால் நானே சிக்யூ போட்டால் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் (கேட்ட சிக்யூக்களைத் தானாக எடுத்து இணையத்தில் காட்டும் ரிசீவர்கள்) என் குறி சரியாக வியூ2 என்றே வருகிறது. ஆகவே கீயிங் சரி என்று நினைக்கிறேன். இன்னொரு விசித்திரம்: நான் சிக்யூ போடும்போது பதில் தரும் ஜப்பான்காரர்கள், நான் அவர்கள் குறியைச் சரியாகத் தட்டச்சு செய்திருந்தும் மறுபடி தங்கள் குறியை அனுப்புகிறார்கள். ஜெர்மனிக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. கேட்பவர் பக்கம் இரைச்சலா?

விதிகளில் கேள்விகள்: 5என்என் (599 என்ற சிக்னல் மதிப்பீடு) அனுப்ப வேண்டுமா? ஒரு தொடர்பு முடிந்ததும் அலைவரிசையை விட்டு நகர வேண்டும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? லாகில் மல்டிப்ளையரும் கியூஎஸ்ஓ (தொடர்பு) எண்ணிக்கையும் ஒரே எண்ணாகவே வருகிறது, மென்பொருள் கோளாறா? புதன் அதிகாலை 12:30-க்கு உட்கார்ந்தால் பேண்டில் ஆளே இல்லை, அது ஏன்?

குமரிமுனை_சிடபிள்யூ

கடைசிக் கேள்விக்கு முதலில். நேரம் எல்லாமே யூடிசி-யில். புதன் 1300, புதன் 1900, வியாழன் 0300, வியாழன் 0700. ஒவ்வொன்றும் சரியாக ஒரு மணி நேரம். நமக்குப் புதன் மாலை 6:30, புதன் இரவு கழிந்து வியாழன் 12:30, வியாழன் காலை 8:30, வியாழன் பகல் 12:30. நீங்கள் ஒரு நாள் முன்னாடியே உட்கார்ந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றினாலும் நம் நேரம் மாறாது, ஆகவே இதை ஒரு தடவை எழுதி ஒட்டிவைத்தால் வருஷம் முழுக்கச் செல்லும்.

5என்என் வேண்டாம். பரிமாற்றம் பெயரும் உறுப்பினர் எண்ணும்தான். உறுப்பினர் இல்லையென்றால் பெயரும் நாடும், நமக்கு வியூ. 28 வேகத்தில் ஒரு டிட் (மோர்ஸ் புள்ளி) சுமார் 43 மில்லிசெகண்ட். 5என்என் என்பது இடைவெளியோடு 32 டிட் நீளம், கிட்டத்தட்ட 1.4 செகண்ட் வீண். பெயரைச் சின்னதாக வையுங்கள். பாலசுப்ரமணியன் என்றால் பாலா போதும். ஒவ்வொரு வாரமும் அதே பெயரை அனுப்புங்கள். பலர் கால் ஹிஸ்டரி கோப்பு வைத்திருப்பார்கள், உங்கள் குறியை அடித்ததுமே பெயர் திரையில் வந்துவிடும். பெயரை மாற்றினால் அவர்கள் தடுமாறி மறுபடி கேட்பார்கள்.

எண்களில் 9-க்கு என், 0-க்கு டி என்று சுருக்கி அனுப்புவார்கள். காதில் என் விழுந்தாலும் லாகில் 9 என்றே தட்டுங்கள்.

அலைவரிசையை விட்டு நகரும் விதி இதில் கிடையாது. அது நார்த் அமெரிக்கன் ஸ்பிரிண்ட் போட்டியின் விதி. அங்கே சிக்யூ போட்டவர் ஒருவரோடு மட்டுமே பேசலாம். பிறகு இன்னொருவரைப் போய்க் கூப்பிட 1 கிலோஹெர்ட்ஸ், மறுபடி சிக்யூ போட 5 கிலோஹெர்ட்ஸ் விலக வேண்டும். உங்களிடம் சொன்னவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார். சிடபிள்யூடி-யில் கிடைத்த இடத்தில் மணி முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

கூட்டம் இருக்கும் இடம் பேண்ட் விளிம்பிலிருந்து 28 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது 14.028 முதல் 14.045. 30, 17, 12 மீட்டர் பேண்டுகள் போட்டிக்குக் கிடையாது.

யூயூ2 விஷயத்தை வேறு யாராவது பாருங்கள். எனக்கு ரிலே மேல் சந்தேகம்.

டைபோல்தாசன்

ரிலேயேதான். கீ அடித்ததும் அது ஒட்டச் சில மில்லிசெகண்ட் ஆகும், அதுவரை சிக்னல் ஆன்டெனாவுக்குப் போகாது. அறிகுறி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது பாருங்கள்.

வி என்பது ...- . முதல் டிட் காணாமல் போனால் ..- , அது யூ. உங்கள் வியூ2 எதிரே யூயூ2 ஆகிறது. யூயூ உக்ரைனுக்கு ஒதுக்கிய முன்னொட்டு என்பதால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது, உண்மையான குறி என்றே எடுத்துக்கொள்வார்.

ரிவர்ஸ் பீக்கனில் ஏன் சரியாக வருகிறது? சிக்யூ போடும்போது அமைதிக்குப் பிறகு முதலில் போவது சி, -.-. . முதல் டா (மோர்ஸ் கோடு) 129 மில்லிசெகண்ட் நீளம். அதில் உதாரணமாக 28 மில்லிசெகண்ட் வெட்டுப்பட்டாலும் மிச்சம் 100, அது இன்னமும் டாதான். அதற்குள் ரிலே ஒட்டிவிடும், செமி பிரேக்-இன் அதை விடாமல் பிடித்திருக்கும், பின்னால் வரும் உங்கள் குறி முழுசாகப் போகும். தேடிப்போய்க் கூப்பிடும்போது அமைதிக்குப் பிறகு முதல் ஒலியே உங்கள் வி-யின் டிட். 43-ல் 28 போனால் மிச்சம் 15 மில்லிசெகண்ட். அது வெறும் டிக் சத்தம், எழுத்தாகக் காதில் ஏறாது.

ஜப்பான் விசித்திரமும் இதே வெட்டுதான். நீங்கள் சிக்யூ போட்டு ஒருவர் பதில் தந்தால் முதலில் நீங்கள் அனுப்புவது அவர் குறி. ஜே என்பது .--- , முதல் டிட் போனால் --- , அது ஓ. ஜேஏ என்று நீங்கள் அனுப்புவது அவருக்கு ஓஏ என்று கேட்கிறது, அது பெரு நாடு. நீங்கள் தப்பாக எடுத்ததாக நினைத்து அவர் திருத்துகிறார். ஜெர்மனியின் டிஎல் தொடங்குவது -.. , டாவில் தொடங்குவதால் தப்பித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கே, என் தொடக்கக்காரர்கள் தொந்தரவு தரமாட்டார்கள். டபிள்யூ தொடக்கக்காரர்கள் தருவார்கள், .-- போய் -- ஆகும், அது எம், இங்கிலாந்து. உங்கள் லாகில் யார் யார் மறுபடி கேட்டார்கள் என்று பாருங்கள், எல்லாம் டிட்டில் தொடங்கும் குறிகளாக இருக்கும்.

இதை உங்கள் ஹெட்ஃபோனில் பிடிக்க முடியாது. நீங்கள் அனுப்புவதாக அதில் கேட்கும் ஒலி, அதாவது சைட்டோன், கீயிலிருந்து உருவாகிறது, ஆன்டெனாவுக்குப் போன ஆர்எஃப்-இலிருந்து அல்ல. சோதிக்க இப்படிச் செய்யுங்கள்: ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலான சுமை) கட்டுங்கள், பக்கத்தில் இன்னொரு ரிசீவர், அதன் ஆடியோவைக் கணினியில் ரெக்கார்டு செய்து ஆடாசிட்டியில் திறங்கள். ஐந்து செகண்ட் அமைதி விட்டு ஒரு வி. முதல் டிட்டையும் இரண்டாவதையும் அளந்து பாருங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரை பைபாஸில் போட்டு அதையே மறுபடி.

யாழ்_டிட்டா

அண்ணை, ரிலேயைக் கழட்டாமல் ஒரு குறுக்கு வழி இருக்கு. என்1எம்எம் மெசேஜில் உங்கட குறிக்கு முன்னால ஒரு ஈ போட்டு விடுங்கோ. ஈ என்பது ஒரு டிட் தானே, வெட்டுப்பட்டால் அது வெட்டுப்படட்டும், வி தப்பும்.

டைபோல்தாசன்

வேண்டாம். வெட்டு எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது. ஏதாவது ஒரு முறை அந்த டிட் தப்பித்து, வேகத்தில் கேட்பவர் அதை வி-யோடு சேர்த்து எடுத்தால் ....- ஆகும், அது 4. அப்போது உங்கள் குறி 4யூ2 ஆகிவிடும், 4யூ ஐக்கிய நாடுகள் சபையின் முன்னொட்டு. அப்புறம் பாதி பேண்டும் உங்கள் மேல் விழும். அதைவிட முக்கியம், ஆர்எஃப் ஓடும்போது ரிலே மாறுவது ஹாட் ஸ்விட்சிங். காண்டாக்ட் கருகும், அந்தக் கணத்தில் லோடு இல்லாமல் மோஸ்ஃபெட்டும் அடிவாங்கும். ஈ போட்டால் கேட்பவருக்கு மறைக்கலாம், டிரான்சிஸ்டருக்கு மறைக்க முடியாது.

மதுரை_பேடில்

அளந்தேன். பைபாஸில் எல்லா டிட்டும் 43. ஆம்ப்ளிஃபயரோடு முதல் டிட் 14 முதல் 19 வரை ஆடுகிறது. 7300-இன் செட் மெனுவில் டிஎக்ஸ் டிலே என்று ஒன்று இருக்கிறது, இப்போது ஆஃப். அதை 20 வைத்தால் போதுமா?

டைபோல்தாசன்

டிஎக்ஸ் டிலே அவசியம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ரிக்கின் பின்புற செண்ட் ஜாக் ஆம்ப்ளிஃபயர் ரிலேயை இழுத்த பிறகு ஆர்எஃப் வெளிவர இடைவெளி தருவது அது. ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும். டிட் முழு நீளம் போகிறதா என்பது வேறு கேள்வி. கீ மட்டும் கிடைத்து ரிக் அப்போதுதான் விழித்துக்கொண்டால், தாமதமான நேரம் டிட்டிலிருந்தே கழியலாம். ஆகவே கீக்கு முன்பே பிடிடி (டிரான்ஸ்மிட்டுக்கு மாறு என்ற கட்டளை) போக வேண்டும்.

உங்களுக்கான வரிசை:

1. ரிக்கில் செட், கனெக்டர்ஸ், யூஎஸ்பி செண்ட்/கீயிங். யூஎஸ்பி செண்ட் ஆர்டிஎஸ், யூஎஸ்பி கீயிங் சிடபிள்யூ டிடிஆர். இரண்டையும் ஒரே வயரில் போடாதீர்கள்.
2. செட், ஃபங்ஷன், டிஎக்ஸ் டிலே, எச்எஃப் 30 மில்லிசெகண்ட். உங்கள் வெட்டு 29 வரை போகிறது, 20 போதாது.
3. என்1எம்எம் போர்ட் அமைப்பில் டிடிஆர் என்பதற்கு சிடபிள்யூ, ஆர்டிஎஸ் என்பதற்கு பிடிடி. அதே இடத்தில் பிடிடி டிலே 30.
4. பிரேக்-இன் செமியிலேயே இருக்கட்டும். ஃபுல் பிரேக்-இன் போட்டால் இந்த ரிலே ஒவ்வொரு டிட்டுக்கும் டாவுக்கும் அடித்து ஒரு மாதத்தில் செத்துவிடும்.
5. மறுபடி ரெக்கார்டிங். முதல் டிட் 40-க்கு மேல் வந்தால் சரி. வராவிட்டால் பிடிடி டிலேயை 10 கூட்டுங்கள்.

பேடிலில் கையால் அடிக்கும்போது மென்பொருளின் பிடிடி வராது என்பதை மறக்க வேண்டாம். திருத்தம் அனுப்ப, என்1எம்எம்-இல் உங்கள் குறியை அனுப்பும் எஃப்4-ஐ அழுத்துங்கள், இல்லை ஃபுட் ஸ்விட்ச் வையுங்கள்.

எதிரே யூயூ2 என்று எடுத்தால் பெயர், நாடு எதுவும் அனுப்பாமல் உங்கள் குறியை மட்டும் ஒரு தடவை அனுப்பிக் காத்திருங்கள். குறி திருந்திய பிறகே பரிமாற்றம். இல்லாவிட்டால் அவர் லாகில் நீங்கள் யூயூ2-ஆகவே கிடப்பீர்கள், அடுத்த பத்தாவது நிமிடம் நீங்கள் சிக்யூ போட்டால் புது ஆள் என்று மறுபடி வருவார்.

குமரிமுனை_சிடபிள்யூ

அப்படி வந்தால் "ஏற்கனவே பேசிவிட்டோம்" என்று அடித்து விவாதிக்காதீர்கள். பேசி லாகில் போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். டூப் (இரட்டைத் தொடர்பு) என்பது உங்களுக்குப் பூஜ்ஜியப் புள்ளி, தண்டனை கிடையாது.

நீங்கள் கூப்பிட்டும் யாராவது பதிலே தராவிட்டால் அதற்கும் ஒன்று. ரிலே தவிர பிட்ச் பொருந்தாமையும் காரணமாக இருக்கலாம். உங்கள் சைட்டோன் 600 ஹெர்ட்ஸில் இருக்க, எதிராளியை 300-ல் கேட்கும்படி டியூன் செய்து கூப்பிட்டால் அவருக்கு நீங்கள் 300 ஹெர்ட்ஸ் தள்ளி விழுவீர்கள். அவர் 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால் நீங்கள் அங்கே இல்லவே இல்லை. 7300-ல் ஆட்டோ டியூன் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் நேராகிவிடும். ஆர்ஐடி, டெல்டா டிஎக்ஸ் (கேட்கும், அனுப்பும் அலைவரிசையைத் தனித்தனியே நகர்த்துபவை) ஆஃப் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்மாறாக, பத்துப் பேர் ஸ்பாட்டை (யார் எந்த அலைவரிசையில் என்று திரையில் வரும் அறிவிப்பு) கிளிக் செய்து ஒரே இடத்தில் முட்டும்போது வேண்டுமென்றே 60, 80 ஹெர்ட்ஸ் மேலே போய் ஒரே ஒரு முறை குறியை அனுப்புங்கள், தனியாகக் கேட்கும்.

யாழ்_டிட்டா

மல்டிப்ளையர் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. அது கோளாறு இல்லை. இங்க நாடோ மாநிலமோ மல்டிப்ளையர் இல்லை, வித்தியாசமான அழைப்புக்குறி ஒவ்வொன்றும் ஒரு மல்டிப்ளையர், எத்தனை பேண்டில் பிடிச்சாலும் ஒரு முறைதான். நீங்கள் ஒரே பேண்டில் நிற்கிறபடியால் இரண்டு எண்ணும் ஒன்றாத்தான் வரும். 41 தொடர்பு, 41 குறி, 1681. இதோட 40 மீட்டரில் 12 எடுத்து, அதில் 5 பேர் பழைய ஆட்கள் எண்டால் 53 பெருக்கல் 48, 2544. பழைய ஆளை அடுத்த பேண்டில் பிடிக்கிறதும் லாபம்தான், புது ஆள் எண்டால் ஏறக்குறைய இரட்டிப்பு லாபம்.

28 வேகம் கஷ்டம் எண்டால் ஐசிடபிள்யூசி கிளப்பின்ட எம்எஸ்டி இருக்கு, 25-க்கு மேல போகக்கூடாது. திங்கள் 1300, 1900, செவ்வாய் 0300 யூடிசி. அங்க பரிமாற்றம் பெயரும் தொடர் எண்ணும், 1, 2, 3 என்று ஏறும். மறந்துபோய் வியூ என்று அனுப்பாதேங்கோ. கே1யூஎஸ்என் கிளப்பின்ட எஸ்எஸ்டி இன்னும் மெதுவு, 20 தான்.

மதுரை_பேடில்

பிடிடி டிலே 30-ல் முதல் டிட் 42. நன்றி. லாகை எந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது? 40 மீட்டருக்கு இந்த 20 மீட்டர் வீ-யையே ட்யூனரில் ஏற்றலாமா?

குமரிமுனை_சிடபிள்யூ

லாக் அனுப்ப வேண்டியதில்லை, சரிபார்ப்பும் கிடையாது. மதிப்பெண்ணை 3830 ஸ்கோர்ஸ் தளத்தில் பதிந்தால் போதும். போட்டி முடிந்ததும் 3.830 மெகாஹெர்ட்ஸில் கூடி மதிப்பெண் சொல்லிக்கொண்ட பழக்கத்தின் பெயர்தான் அந்தத் தளத்துக்கு. நான்கு நேரங்களும் நான்கு தனிப் பதிவுகள், சரியான மணியைத் தேர்ந்தெடுங்கள். 300 வாட் ஓடினால் ஹை பவர். 100 வாட் வரைதான் லோ பவர்.

ட்யூனரில் ஏற்றாதீர்கள். கோஆக்ஸ் ஃபீட் என்றால் 40 மீட்டரில் பெரும்பகுதி சக்தி கேபிளிலேயே சூடாகும், 300 வாட்டுக்கு ட்யூனர் கெபாசிட்டரிலும் பொறி பறக்கும். அதே ஃபீட் பாயிண்டிலிருந்து இன்னொரு ஜோடிக் கம்பி இறக்குங்கள். 7.035 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 10.15 மீட்டர். முதலில் 10.5 வெட்டி, அலைவரிசை கீழே விழுகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக 5 சென்டிமீட்டராகக் குறையுங்கள். இரண்டு ஜோடி நுனிகளுக்கும் இடையே அரை மீட்டராவது இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் 20 மீட்டர் ட்யூனிங் இழுத்துக்கொண்டு போகும். 40 மீட்டரைத் தொட்ட பிறகு 20-ஐ மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள். நள்ளிரவு 12:30 மணிக்கு ஐரோப்பா 40 மீட்டரில்தான் பலமாக இருக்கும்.