‘மூணு பேர்னா ஒன் அனதர்’: இந்த விதி எங்கிருந்து வந்தது?

தேர்வுத்துணை:
நேற்று வேறொரு இழையில் பழஞ்சொல் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “ஈச் அதர், ஒன் அனதர் ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேர், மூணு பேர் கணக்கெல்லாம் கட்டுக்கதை.” இரண்டும் ஆங்கிலத்தில் ‘ஒருவரையொருவர்’ என்று சொல்லும் தொடர்கள். இதைப் படித்த ஒரு பிள்ளை வங்கித் தேர்வில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் வழக்கமாக வருகிற வாக்கியம் ‘தி த்ரீ பிரதர்ஸ் லவ் ஈச் அதர்.’ கடைசித் துண்டில் பிழை, ஒன் அனதர் என்று வரவேண்டும், அதுதான் விடை. தப்பாகக் குறித்தால் அந்த மதிப்பெண்ணும் போகும், கூடவே கால் பங்கு கழியும். இருவர் என்றால் ஈச் அதர், இருவருக்கு மேல் என்றால் ஒன் அனதர். நூறு புத்தகத்தில் இருக்கிறது. வீண் வாதம் வேண்டாம்.

பழஞ்சொல்:
நூறு புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும். முதல் புத்தகம் எது என்று கேளுங்கள். இந்த எண்ணிக்கைக் கணக்கை எழுதியவர்களில் நமக்குத் தெரிந்து மிக முந்தியவர் ஆங்கில இலக்கணம் எழுதிய ஜார்ஜ் அஷர். ஆண்டு 1785. அதற்கு 30 ஆண்டு முன்பே, 1755-இல், சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் ‘ஈச்’ என்ற சொல்லின் கீழ், இருவரானாலும் அதற்கு மேலானாலும் ஈச்சுக்கு இணைச்சொல் ‘அதர்’தான் என்று எழுதிவிட்டார். 1926-இல் ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர், இந்த வேறுபாட்டால் இன்றைக்குப் பயனும் இல்லை, இதற்கு வரலாற்று ஆதாரமும் இல்லை என்று முடித்துவிட்டார்.

அதையெல்லாம் விடுங்கள். 1611-இல் வந்த ஆங்கில பைபிளை எடுங்கள். 1 சாமுவேல் 20:41. தாவீதும் யோனத்தானும் பிரிகிற இடம். ‘தே கிஸ்ட் ஒன் அனதர், அண்ட் வெப்ட் ஒன் வித் அனதர்.’ ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை ஒன் அனதர். தாவீதும் யோனத்தானும் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கள்.

மொழிமுறை:
ஒரு கேள்வி. ‘விதி’ என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒரே பொருளையா? ஒருவர் தேர்வின் விடைத்தாளைச் சொல்கிறார், மற்றவர் மக்கள் பேசி எழுதிய வழக்கைச் சொல்கிறார். முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் நல்லது.

தேர்வுத்துணை:
பழஞ்சொல், பைபிளை எடுத்தது நீங்கள், அதனால் நானும் எடுக்கிறேன். சங்கீதம் 85:10. நீதியும் சமாதானமும் முத்தமிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘ஹேவ் கிஸ்ட் ஈச் அதர்’. இரண்டு பொருள், ஈச் அதர். யாத்திராகமம் 18:7. மோசேயும் அவர் மாமனார் எத்திரோவும் நலம் விசாரிக்கிறார்கள். ‘தே ஆஸ்க்ட் ஈச் அதர்’. இரண்டு பேர், ஈச் அதர். விதி 1611-லேயே இருக்கிறது. உங்கள் தாவீது ஒரு விலக்கு, அவ்வளவுதான்.

பழஞ்சொல்:
விலக்கா? நீங்கள் கொண்டுவந்த யாத்திராகமமே உங்கள் கட்சியைக் கவிழ்க்கிறது. எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஈஷ் லெ ரேஏஹு’, அதாவது ‘மனிதன் தன் தோழனிடம்’. அது அவர்கள் மொழியில் ஒருவருக்கொருவர் என்று சொல்லும் முறை. 1 சாமுவேல் 20:41-இல் இருப்பது ‘ஈஷ் எத் ரேஏஹு’. அதே தொடர், வேற்றுமை மட்டும் வேறு. மூலம் ஒன்று, ஆட்கள் இரண்டு இடத்திலும் இருவர்தான். ஓரிடத்தில் ஈச் அதர், இன்னோரிடத்தில் ஒன் அனதர். இரண்டும் ஒன்று என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சங்கீதம் 85:10-இல் எபிரேயத்தில் ‘ஒருவரையொருவர்’ என்று காட்டும் பிரதிப்பெயரே (ரெசிப்ரோகல் ப்ரனவுன்) கிடையாது. ‘முத்தமிட்டன’ என்ற வினை மட்டும்தான். ஆங்கிலத்தில் சேர்த்தது மொழிபெயர்த்தவர்கள்.

ஆதியாகமம் 31:49-ஐ ஏன் விட்டீர்கள்? யாக்கோபு, லாபான். ‘வென் வி ஆர் ஆப்சென்ட் ஒன் ஃப்ரம் அனதர்.’ அங்கேயும் இருவர். தாவீது விலக்கு என்றால் யாக்கோபும் விலக்கா?

ஆரணி வாத்தியார்:
நான் தேர்வுத்துணை பக்கம். ஆனால் காரணம் வேறு, சொல்லின் வேரிலிருந்து வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘ஓதெர்’ என்ற சொல்லுக்கு ‘இரண்டாவது’ என்றும் பொருள் உண்டு. வரிசை எண்ணில் ‘செகண்ட்’ பின்னால் பிரெஞ்சிலிருந்து வந்து அந்த இடத்தைப் பிடித்தது. லத்தீன் ‘ஆல்டர்’ என்பதும் இருவரில் மற்றவர்தான். ஆக, அதர் என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு இருக்கிறது. ஈச் அதர் இருவருக்கு என்பது அஷர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது அல்ல. ஜான்சன் அகராதியிலும் ஈச்சுக்கு முதல் பொருள் ‘இருவரில் ஒவ்வொருவர்’ என்றுதான் இருக்கிறது. அதை மட்டும் பழஞ்சொல் லாவகமாக விழுங்கிவிட்டார்.

பழஞ்சொல்:
வாத்தியாரே, ‘அனதர்’ என்ற சொல்லைப் பிரித்து எழுதிக் காட்டுங்கள். ஆன் + அதர். அதே அதர்தான் உள்ளே இருக்கிறது. அதருக்குள் இரண்டு ஒளிந்திருக்கிறது என்றால், ஒன் அனதரும் இருவருக்குத்தான் வரவேண்டும். வேரைப் பிடித்து இழுத்தால் உங்கள் விதியின் பாதி கையோடு வந்துவிடுகிறது.

ஜான்சனை நான் விழுங்கவில்லை. முதல் பொருள் ‘இருவரில்’ என்று போட்டுவிட்டு, இரண்டாம் பொருளாக ‘எத்தனை பேரானாலும் ஒவ்வொருவர்’ என்றும் போட்டு, அதன் பிறகுதான் இருவரானாலும் அதற்கு மேலானாலும் அதர் என்று எழுதுகிறார். கடைசி வரி வரை படிப்பது நல்லது.

இருவருக்கென்றே ஒரு தொடர் ஆங்கிலத்தில் இருந்தது, அதையாவது தெரிந்துகொள்ளுங்கள். 991-இல் நடந்த மால்டன் போரைப் பற்றிய பழைய ஆங்கிலப் பாட்டில், தலைவன் பிர்ட்னோத்தும் ஒரு வைக்கிங் வீரனும் நேருக்கு நேர் வருகிறார்கள். அங்கே ‘ஏய்தெர்’ என்பது எழுவாய், ‘ஓத்ரும்’ என்பது நான்காம் வேற்றுமை. ‘இருவரில் ஒவ்வொருவனும் மற்றவனுக்குத் தீங்கு எண்ணினான்.’ அந்த ஏய்தெர்தான் இன்றைய ‘ஐதர்’. 1485-இல் கேக்ஸ்டன் அச்சிட்ட, ஆர்தர் மன்னன் கதையைச் சொல்லும் மேலரியின் உரைநடையிலும் ‘ஐதர் அதர்’ வருகிறது. இருவருக்கான தனி வடிவம் அதுதான். வழக்கொழிந்து போய்விட்டது. செத்த ஐதர் அதரின் வேலையை ஈச் அதர் தலையில் கட்டியது 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். தாவீதுக்கும் யோனத்தானுக்கும் அது தெரியாது. அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கொட்டடி:
எல்லாரும் ‘ஒன் அனதர்’ எண்டு எழுதிறியள். அந்தச் சொல்லின்ர உச்சரிப்பு ‘வன்’. வன் அனதர் எண்டுதான் எழுதவேணும். ஆங்கிலத்தில ஆயிரம் ஆண்டு வரலாறு கதைக்கிற ஆக்கள் முதல் எழுத்தையே பிழையா எழுதினா எப்பிடி?

ஆரணி வாத்தியார்:
தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ‘ஒன்’ என்றுதான் எழுதுகிறோம். எங்களுக்கு அது பழகிப்போனது.

கொட்டடி:
பழகினது எல்லாம் சரியெண்டா, மூண்டு பேருக்கு ஈச் அதர் சொல்லிறதும் பழகினதுதானே. அப்ப நீங்கள் பழஞ்சொல்லோட நிக்கவேணும், வாத்தியார். உங்கட வசதிக்கு ஒரு நியாயம், மற்றாக்களுக்கு இன்னொரு நியாயமோ?

இன்னொண்டு. தமிழில ‘ஒருவரையொருவர்’ எண்ட சொல்லில எங்க இருக்குது எண்ணிக்கை? ரெண்டு பேருக்கும் அதுதான், ஒரு ஊருக்கே அதுதான். ஒரு ‘ஒருவர்’ எழுவாய், மற்ற ‘ஒருவரை’ ரெண்டாம் வேற்றுமை. பழஞ்சொல் சொன்ன மால்டன் பாட்டின்ர கட்டமைப்பும் இதேதான்.

தேர்வுத்துணை:
தமிழில் இல்லை என்பதால் ஆங்கிலத்தில் இருக்கக்கூடாதா? ஆங்கிலத்தில் ‘தி’ இருக்கிறது, தமிழில் இல்லை. அதையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

நடைதிருத்தி:
தாவீதை விட்டு வெளியே வாருங்கள். தினமும் பிரதி திருத்தும்போது எண்ணிக்கையால் வருகிற பிழை அபூர்வம். வருகிற பிழைகள் வேறு.

முதலாவது, மேற்காற்புள்ளி (அப்போஸ்ட்ரஃபி). ‘ஈச் அதர்’ ஒரே சொல்லைப்போல நடக்கும் ஒருமை. உடைமை உருபு சேர்க்கும்போது புள்ளி ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால்தான் வரும். பின்னால் போட்டால் ‘அதர்ஸ்’ என்ற பன்மை ஆகிவிடும், அது பிழை. அதற்கடுத்து வரும் பெயர்ச்சொல் ஒருமையா பன்மையா என்பது தனி விஷயம், ‘ஈச் அதர்ஸ் ஹவுசஸ்’ என்று பன்மை வருவதில் தவறு கிடையாது.

அடுத்தது முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) விழுந்துபோவது. ‘தே டாக்ட் ஈச் அதர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டு’ வேண்டும். தமிழில் ‘ஒருவரோடொருவர்’ என்று உருபு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் தமிழ் எழுதுகிறவர் கைக்கு அது விட்டுப்போகிறது. அந்த முன்னிடைச்சொல் நிற்கும் இடமும் மாறியிருக்கிறது. 1611-இல் ‘ஒன் டு அனதர்’ என்று நடுவில் வரும். இன்றைக்கு ‘டு ஒன் அனதர்’ என்று முன்னால் வரவேண்டும். பழைய நூல் படித்த பழக்கத்தில் நடுவில் போடுகிறவர்கள் உண்டு.

எழுவாயாகப் போடுவதும் நடக்கிறது. ‘ஈச் அதர் லெஃப்ட்’ என்று வராது. ‘ஈச்’ எழுவாயாகவும் ‘அதர்’ செயப்படுபொருளாகவும் தனித்தனியே நின்ற காலத்தின் தடம் பிலிப்பியர் 2:3-இல் இருக்கிறது: ‘லெட் ஈச் எஸ்டீம் அதர்’. இரண்டும் ஒட்டிய பிறகு எழுவாய் இடத்துக்குப் போக முடியாது.

இருவர் என்று கட்டாயம் காட்டவேண்டுமானால் அதற்கு வழி இருக்கிறது. ‘ஈச் லுக்ட் அட் தி அதர்.’ ‘தி’ வந்துவிட்டால் இருவர்தான். மூவர் என்றால் ‘தி அதர்ஸ்’ ஆகிவிடும்.

அமெரிக்க ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக்கையேட்டில் தேர்வுத்துணை சொல்லும் விதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை உறுதியாகத் தெரியாவிட்டால் எதையும் போடலாம் என்று அதிலேயே சொல்லியும் இருக்கிறார்கள்.

தேர்வுத்துணை:
ஏபி ஒப்புக்கொள்கிறதல்லவா? அது போதும். தாவீது மதிப்பெண் போடமாட்டார்.

பழஞ்சொல்:
பத்திரிகை நிறுவனம் தன் ஆட்களுக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. மொழியின் இலக்கணம் அல்ல. 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் எழுதிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் இந்த எண்ணிக்கைக் கணக்கை ஏற்கவில்லை.

பொருளில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது தெரியுமா? பத்துத் தட்டுகளை அடுக்கி வைத்து ‘தி பிளேட்ஸ் ஆர் ஸ்டாக்ட் ஆன் டாப் ஆஃப் ஈச் அதர்’ என்கிறோம். கீழ்த்தட்டு எதன் மேலும் இல்லை. மேல்தட்டின் மேல் எதுவும் இல்லை. ஆனாலும் வாக்கியம் சரி. ‘தே லவ் ஈச் அதர்’ என்று மூவரைச் சொன்னால், ஒவ்வொருவருக்கும் மற்ற இருவர் மேல் என்று ஆறு அன்பும் இருந்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் நெருடும். ஏன் இந்த வேறுபாடு? 1998-இல் மொழியியலாளர் டால்ரிம்பிள் குழுவினர் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழல் தாங்கும் அளவில் மிக வலுவான பொருளை வாக்கியம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆளை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. தாவீதும் யோனத்தானும் எத்தனை பேர்?

ஆரணி வாத்தியார்:
திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. பதில் சொல்கிறேன். 1611 பைபிள் ஒரு கை எழுதியது அல்ல. 47 அறிஞர்கள், ஆறு குழுக்கள். ஒரு குழு ஈச் அதர் என்று எழுதியிருக்கும், இன்னொரு குழு ஒன் அனதர் என்று எழுதியிருக்கும். ஆறு குழுவின் நடை வேறுபாட்டை வைத்துக்கொண்டு விதியே இல்லை என்பது நியாயமா?

பழஞ்சொல்:
இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன். ஆதியாகமம் முதல் 2 ராஜாக்கள் வரை ஒரே குழு. லான்சலாட் ஆண்ட்ரூஸ் தலைமையில் இருந்த முதல் வெஸ்ட்மின்ஸ்டர் குழு. யாத்திராகமம் 18-உம் அவர்களுடையதுதான், 1 சாமுவேல் 20-உம் அவர்களுடையதுதான். கேம்பிரிட்ஜ் குழுவுக்குப் போனது சங்கீதம். ஒரே குழு, ஒரே எபிரேயத் தொடர், இருவர். இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஆரணி வாத்தியார்:
குழு ஒன்று என்றால் கை ஒன்று என்று ஆகிவிடாது. குழுவுக்குள்ளும் அதிகாரங்களைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம்.

பழஞ்சொல்:
‘இருக்கலாம்.’ ஆறு குழுவில் ஆரம்பித்து இப்போது ஆளாளுக்கு வந்துவிட்டீர்கள். அடுத்தது எழுதுகோலா?

மொழிமுறை:
நான் மேலே கேட்டதற்கு யாராவது பதில் சொன்னால்

தேர்வுத்துணை:
ஷேக்ஸ்பியரையும் பார்த்துவிடுவோம். மெக்பெத், இரண்டாம் அங்கம், நான்காம் காட்சி. டங்கன் மன்னனின் குதிரைகள் வெறிபிடித்து ‘தே ஈட் ஈச் அதர்’. அரசனின் தேருக்கு இரண்டு குதிரை. ஈச் அதர். பொருந்துகிறதா இல்லையா?

பழஞ்சொல்:
தேர் எங்கே வந்தது? நாடகத்தில் தேரே இல்லை. கொட்டடிகளை உடைத்துக்கொண்டு ஓடின என்று ராஸ் பிரபு சொல்கிறான். 1623 பதிப்பிலும் குதிரைகள் என்ற பன்மைதான், எண் இல்லை. இரண்டு என்பது நீங்கள் கொண்டுவந்து கட்டிய குதிரை.

கொட்டடி:
என்ர பேரை ஏன் குதிரைக்கு இழுக்கிறியள்?

பழஞ்சொல்:
உங்களைச் சொல்லவில்லை, ஐயா. குதிரை கட்டும் இடத்துக்கு அதுதான் சொல்.

கொட்டடி:
லாயம் எண்டு எழுதியிருக்கலாம். வேணுமெண்டுதான் எழுதினியள். ‘வன்’ எண்டு சொன்ன கோபம்.

தேர்வுத்துணை:
இரண்டுக்கு மேல் என்று எங்கே போட்டிருக்கிறது? எண் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் இரண்டு குதிரையாகவும் இருக்கலாம்.

பழஞ்சொல்:
தாவீதையும் யோனத்தானையும் எண்ண மறுத்தவர் டங்கனின் குதிரைகளை எண்ணிவிட்டார். முதலில் அந்த இருவரை எண்ணுங்கள்.

ஆரணி வாத்தியார்:
வைக்கிங் வீரனோடு பிர்ட்னோத் நிற்கிற இடத்தில் ‘ஏய்தெர்’ என்றா எழுதினீர்கள்? அதில் உள்ள ‘ஜி’ எழுத்தை ‘க்’ என்று கொண்டு ‘ஏக்தெர்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். இந்தத் தவறை முதலில் திருத்துங்கள், பிறகு தாவீதுக்கு வரலாம்.

பழஞ்சொல்:
அங்கே ‘ஜி’ முன்னுயிருக்குப் (நாவின் முன்பகுதியில் பிறக்கும் உயிரொலிக்கு) பின் வருகிறது, ‘ய்’ ஒலிதான். அதனால்தான் ‘ஜி’ போட்டு எழுதி ‘டேய்’ என்று ஒலித்த பழைய சொல் இன்றைக்கு ‘டே’ (நாள்) ஆயிற்று. எத்தனை பேர், வாத்தியாரே?