டிம்பனோமீட்டர் இரவல் வேணும்: கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம்

வணக்கம். டிம்பனோமீட்டர் எண்டால் காதுக்குள்ள காற்றழுத்தத்தை மாத்தி, செவிப்பறை எப்பிடி அசையுது எண்டு வரைபாய்க் காட்டுற கருவி. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு மறுசோதனை செய்ய வேணும். வவுனியாவில் இருந்தாலும் பரவாயில்லை, வந்து எடுப்பம். சின்னப் பிள்ளைகளுக்கான ரப்பர் முனைகளும் சேர்த்துத் தாங்கோ. முனை இறுகாமல் காற்றுக் கசிந்தால் அழுத்தமே ஏறாது.

இன்னொண்டு. பழைய அறிக்கைகள் சிலதில் வரைபு மட்டும்தான் கிடக்கு. வரைபு தட்டையாய் வந்த உடனே நீர் எண்டு எழுதேலாது, காதுக்குழாய்க் கொள்ளளவும் (முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில் உள்ள இடத்தின் அளவு) வேணும். 0.4 முதல் 1.0 மி.லீ. எண்டால் நீர் எண்டு எடுக்கலாம். நல்லாக் குறைஞ்சால் குறும்பி அடைச்சிருக்கும், இல்லாட்டி முனை சுவரில் முட்டும். நல்லாக் கூடினால் செவிப்பறையில் ஓட்டை. அந்தக் கொள்ளளவுக் கணக்கை வைச்சிருக்கிற ஆக்கள் அனுப்பிவிடுங்கோ.

ரெண்டு காதிலும் நீர் நிண்டு, ரெண்டில் நல்லாய்க் கேட்கிற காதிலேயே கேட்கும் மட்டம் 25–30 டெசிபெல் அல்லது அதைவிட மோசம் எண்டால் ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) வைத்தியரிட்ட அனுப்புவம். அதுவரை அன்டிபயோட்டிக்கும் சளிப்பாணியும் வேண்டாம், நீரை வத்த வைக்காது.