தேயிலைத் தொழிற்சாலையில் சென்சர், செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின்: எதிலிருந்து தொடங்குவது?

தலவாக்கலை உதவியாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அண்மையில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி அலுவலராகப் பணியாற்றுகிறேன். நாங்கள் கொழுந்தை உருட்டி ஆக்கும் மரபுவழியான ஓதொடொக்ஸ் முறையிலேயே தேயிலை ஆக்குகிறோம், பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். ஆகிய உடைந்த இலைத் தரங்களே எங்களுக்குப் பெரும்பான்மை வருமானம். அண்மையில் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். கொழுந்தைப் பரப்பிக் காற்றூட்டி வாட்டும் தொட்டிகளுக்கும் உலர்த்திக்கும் சென்சர்கள், அவை தரும் தரவைக் கொண்டு முடிவெடுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள், கொழுந்து பறித்த மலையிலிருந்து கப்பல் வரை தடங்காட்டும் பிளாக்செயின் பதிவேடு (எழுதியதைப் பின்னர் மறைவாக மாற்ற முடியாத பதிவேடு) ஆகிய மூன்றையும் ஒரே பொதியாகத் தருவதாகக் கூறினார்கள். நான்காம் தொழிற்புரட்சி என்ற சொல் அவர்களுடைய விளக்கப்படங்களில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எங்கள் வாட்டும் தளத்தை மட்டும் அவர்கள் ஏறிப் பார்க்கவில்லை.

துரை (தோட்ட முகாமையாளர்) இது பற்றி என் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் ஒரே ஆண்டில் பணம் ஒதுக்க இயலாது. இவற்றுள் எது தொழிற்சாலையின் அன்றாட வேலையை உண்மையாகவே மாற்றுகிறது, எதைப் பிற்போடலாம், வெளிநாட்டு வாங்குநர்கள் கேட்பது பிளாக்செயினையா அல்லது நம்பத்தக்க பதிவையா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பண்டாரவளை டீமேக்கர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, தேயிலை ஆக்கத்துக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்த நான் சொல்கிறேன்: வாட்டும் தளத்தை ஏறிப் பார்க்காதவர்களிடம் வாட்டலுக்குக் கருவி வாங்குவதற்கு முன்னர், அவர்களை ஓர் இரவு முழுவதும் அங்கே நிற்கச் சொல்லுங்கள். ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) வரும் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீர்தான். அதில் எவ்வளவை, எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சீராக வெளியேற்றுகிறோம் என்பதிலேயே அந்த நாளின் தேயிலை பாதி தீர்மானமாகிவிடுகிறது. பிறகு கொழுந்தை உருட்டும் றோலரிலும் அது புளிக்கும் மேசையிலும் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும், பிழையாக வாடிய கொழுந்தைத் திருத்த முடியாது.

நாங்கள் வறட்குமிழ், ஈரக்குமிழ் ஆகிய இரு வெப்பமானிகளையும் பார்த்து, காற்றின் வறட்சியைக் காட்டும் அவற்றின் வேறுபாட்டைக் கொண்டு சூடான காற்றைக் கூட்டுவோம் அல்லது குறைப்போம். ஈரக்குமிழைச் சுற்றியுள்ள துணித்திரி நள்ளிரவுக்குப் பின் காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். அதைக் கண்ட காவற்காரர், காற்றில் ஈரம் நிரம்பிவிட்டது என்று எண்ணிச் சூட்டைத் திறந்துவிடுவார். விடியும்போது தொட்டியின் அடிக்கொழுந்து கருகி, மேற்கொழுந்து பச்சையாகவே கிடக்கும். பதிவுப் புத்தகத்திலோ இரவு முழுவதும் அழகான எண்கள் இருக்கும். இந்த இடத்தில் சென்சர் செய்யக்கூடிய உதவி பெரியது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் காற்றை அளக்கும் சென்சர் கொழுந்தை அளப்பதில்லை. கொழுந்தை ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் மெல்லியதாகவும் பரப்பியிருந்தால் காற்று மெல்லிய இடத்தாலேயே ஓடிவிடும். ஆகவே உங்களால் இயலுமானால், ஒரு தொட்டியின் கால்களுக்கடியில் நிறை உணரிகளைப் பொருத்திப் பாருங்கள். நிறை குறைவதுதான் நீர் போனதற்கான நேரடிச் சாட்சி. உலர்த்தியில், வெளியேறும் காற்றின் வெப்பநிலையை இடைவிடாது பதிவு செய்யுங்கள். அது தாழ்ந்தால் தேயிலை வேகிப்போகும், உட்செல்லும் காற்று மிகையாகச் சூடேறினால் மேற்புறம் மட்டும் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு சொல். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் நாங்கள் வாட்டுவது ஒரு விதம். உங்கள் டிம்புள்ளைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையான பருவத்தில் வாட்டுவது வேறு விதம். மழைக்காலத்தில் இரண்டுமே வேறு. ஒரு பருவத்துத் தரவைக் கற்ற மென்பொருள் மறு பருவத்தில் துணிந்து பிழையான விடை சொல்லும். குறைந்தது ஓராண்டின் எல்லாப் பருவங்களையும், ஒவ்வொரு நாளும் டீமேக்கர் எடுத்த முடிவையும், அந்தத் தேயிலையைச் சுவைத்தவர் சொன்ன குறையையும் சேர்த்துப் பதியாமல் அதை வாங்குவது வீண்.

மஸ்கெலியா மின்பணியாளர் எழுதியது:

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். கருவிகள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவதாக, பணம் திரும்பி வரும் இடம் வாட்டும் தொட்டியின் மின்விசிறிதான். விசிறி எடுக்கும் மின்வலு அதன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. வேகத்தை 80 வீதமாகக் குறைத்தால் மின்வலு ஏறத்தாழ 51 வீதமாகக் குறைந்துவிடும். வாட்டலின் பிற்பகுதியில் முழுக் காற்று தேவைப்படுவதில்லை என்பது எல்லா டீமேக்கர்களுக்கும் தெரியும். தடுப்புப் பலகையைச் சாத்திக் காற்றைக் குறைப்பதற்குப் பதிலாக, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் மீடிறன் மாற்றி ஒன்றைப் பொருத்தி மோட்டரின் வேகத்தையே குறைத்தால் மின்கட்டணப் பட்டியலில் வித்தியாசம் தெரியும். கைத்தொழில் மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அதன் பின்னர் அதிகாலை 5.30 வரை மலிவான நேரம். கொழுந்து இரவெல்லாம் தொட்டியில் கிடப்பதால், காற்றின் ஒரு பகுதியை மலிவான நேரத்துக்குத் தள்ள இடமுண்டு. எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று என்பதை நிறை உணரியின் தரவைப் பார்த்துக் கணிப்பதற்கு எளிய நிரலே போதும். அதற்குச் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரை வைத்து விலையை உயர்த்துவார்கள், கவனியுங்கள்.

இரண்டாவதாக, நமது ஸ்டோர்களில் இயந்திரப் பார்வை புதிதன்று. கமெராவால் நிறத்தைப் பார்த்து, காம்பையும் நாரையும் காற்றடித்துத் தள்ளும் நிறப்பிரிப்பு இயந்திரங்கள் நெடுங்காலமாகவே ஓடுகின்றன. கொழுந்தின் தரத்தைப் படமெடுத்து மதிப்பிடுவதும் அதே வழியில் வருவதுதான். தட்டில் பரப்பிய மாதிரியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு என்று பிரித்தறிவதற்குப் போதிய படங்கள் இருந்தால் இன்றைய மென்பொருள் திறமாகவே செய்யும். புளித்தலின்போது பச்சை செம்பு நிறமாவதைக் கமெராவாலும், மணத்தை இலத்திரனியல் மூக்காலும் கண்டறியும் ஆய்வுகள் இந்தியாவிலும் நடந்துள்ளன.

றோலர், உலர்த்தி ஆகியவற்றின் மோட்டர்களுக்கு அதிர்வு சென்சர் வைப்பது பயனுள்ளது. ஆனால் எல்லா மோட்டருக்கும் வேண்டாம். எது நின்றால் ஸ்டோரே நிற்குமோ அதற்கு மட்டும் வையுங்கள். புளிக்கும் அறையின் ஈரப்பதன் நூறை நெருங்குவதால் மலிவான ஈரப்பத சென்சர்கள் அங்கே சில மாதங்களிலேயே பொய் சொல்லத் தொடங்கும். சலிக்கும் அறையின் தும்பு எதையும் அடைத்துவிடும். இடிமின்னலுக்கு எதிரான காப்பு இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள். விலைமனுவில் ஆண்டுதோறுமான அளவுத்திருத்தச் செலவு தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

ஹட்டன் நிரலாளர் எழுதியது:

பிளாக்செயின் பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன். ஒரு நாளின் பதிவுகளிலிருந்து கணித முறையில் ஒரு சுருக்கக் குறியீட்டைப் பெற்று, அதை மறுநாளின் பதிவுக்குள் பொதித்துவிடுவதால், பழைய பதிவில் ஓர் எண்ணை மாற்றினாலும் பின்னால் வரும் குறியீடுகள் அனைத்தும் பொருந்தாமற்போகும். அதன் பலம் இவ்வளவே. ஆனால் இந்தப் பலம் கிடைப்பதற்கு, ஒன்றையொன்று சாராத பலர் அந்தப் பதிவேட்டின் பிரதிகளை வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலை, ஏலத் தரகர், ஏற்றுமதியாளர், தேயிலைச் சபை எனப் பலரும் சேர்ந்தால் அதற்குப் பொருளுண்டு. ஒரே கம்பனியின் கணினிகளில் மட்டும் இருக்கும் சங்கிலியை அந்தக் கம்பனியே முழுவதுமாகத் திரும்ப எழுதிவிடலாம். அது சாதாரணத் தரவுத்தளத்தைவிடச் செலவு கூடியது என்பதைத் தவிர வேறெதுவுமில்லை.

உலக அனுபவம் இரு பக்கமும் உண்டு. அமெரிக்க அங்காடி நிறுவனமான வோல்மார்ட், கணினி நிறுவனமான ஐ.பி.எம். உடன் செய்த பிளாக்செயின் பரிசோதனையில், ஒரு மாம்பழப் பொதியின் மூலத்தைக் கண்டறிய ஏறத்தாழ 7 நாள் எடுத்த வேலை 2.2 விநாடியில் முடிந்தது. அதே ஐ.பி.எம். மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துடன் சேர்ந்து 2018 இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்னும் கப்பற்சரக்குப் பிளாக்செயின் தளத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். தொழில்துறை முழுவதும் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். முதலாவதில் பெரிய வாங்குநர் ஒருவர் எல்லா விநியோகத்தரையும் சேரச் சொல்ல முடிந்தது. கொழும்பு ஏலத்தில் அப்படிக் கட்டளையிடும் ஒற்றை வாங்குநர் இல்லை.

நமது தேயிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் தொழிற்சாலையின் இன்வொய்ஸ் இலக்கமும் மார்க்கும் (தேயிலை விற்கப்படும் பெயரும்) ஏலம் வரைக்கும் தெளிவாகச் செல்லும். 2020 ஏப்ரலில் ஏலமே இணையத்துக்கு மாறியதால் அந்தப் பதிவு ஏற்கெனவே இலத்திரனியல் வடிவில் இருக்கிறது. அதன் பின்னர் ஏற்றுமதியாளர் பல தோட்டங்களின் தேயிலையைக் கலக்கும்போது தடம் பிரிந்துவிடும். அந்தக் கலவைக் களஞ்சியம் சேராத சங்கிலி உங்கள் வாசலோடு நின்றுவிடும்.

வாங்குநர் கேட்பது பெரும்பாலும் பூச்சிகொல்லி எச்ச அறிக்கை, சான்றிதழ், எந்த மலையில் எப்போது எது தெளிக்கப்பட்டது என்ற பதிவு ஆகியவையே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு ஒழுங்குவிதியில் இறப்பரும் கோப்பியும் உள்ளன, தேயிலை இல்லை. உங்கள் கம்பனிக்கு இறப்பர்த் தோட்டமும் இருந்தால் நிலத்தின் புவியமைவிடத் தரவைத் தயார் செய்ய வேண்டிவரும். அங்கேயும் பிளாக்செயின் கட்டாயமில்லை. மாற்றப்படாத பதிவு என்று காட்ட விரும்பினால், ஒவ்வொரு மாலையும் அன்றைய பதிவுகளின் சுருக்கக் குறியீட்டைத் தரகருக்கும் வாங்குநருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். செலவே இல்லாமல் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

பொகவந்தலாவை ஆசிரியை எழுதியது:

இதுவரை எழுதிய அனைவரும் ஸ்டோருக்குள்ளேயே நிற்கிறீர்கள். மலையிலிருந்து கப்பல் வரை என்று சொல்லும் எந்தப் பதிவுக்கும் முதல் வரி கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில்தான் எழுதப்படுகிறது. என் தாயார் கொழுந்தெடுத்தவர். நிறுக்கும்போது பையின் நிறை என்றும் ஈரம் என்றும் கிலோக் கணக்கில் கழிப்பதைப் பற்றி அவர்கள் பேசாத மாலை இருந்ததில்லை. ஒரு கிலோ குறைந்தால் முழுப் பேர் (முழு நாட் சம்பளம்) அரைப் பேர் ஆகிவிடும் தோட்டத்தில் அது சிறிய விடயமன்று. அந்த முதல் எண் பிழையானால் பிளாக்செயின் அந்தப் பிழையை அழியாதபடி பாதுகாக்கும், வேறென்ன செய்யும்?

இதைச் சரிபார்க்க எளிய கணக்கொன்று உண்டு. கொழுந்தில் நூற்றுக்கு 77 பங்கு நீர் என்று கொண்டால், 1,000 கிலோவில் உலர்பொருள் 230 கிலோ. 3 வீத ஈரத்துடன் முடிந்த தேயிலை 237 கிலோவுக்கு மேல் வர இயலாது. கழிவு போக, 4.5 கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பதே வழக்கமான கணக்கு. மாதக்கணக்கில் ஒரு தொழிற்சாலையின் ஈட்டம் (கொழுந்து நிறைக்குக் கிடைக்கும் தேயிலையின் வீதம்) இயற்கை அனுமதிக்கும் அளவுக்கு மேலே நின்றால் இரண்டிலொன்று நடந்திருக்க வேண்டும்: மடுவத்தில் கொழுந்தின் நிறை குறைத்து எழுதப்பட்டிருக்கிறது, அல்லது கழிவுத் தேயிலையோ வேறெதுவோ உள்ளே சேர்ந்திருக்கிறது. முன்னது தொழிலாளியை ஏமாற்றுவது, பின்னது வாங்குநரை ஏமாற்றுவது. இரண்டையும் ஒரே வகுத்தல் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே இலத்திரனியல் தராசும், நிறுத்தவுடன் தொழிலாளியின் கைக்கு வரும் துண்டும் முதலில் வரட்டும். துண்டில் மொத்த நிறையும் கழித்த நிறையும் தனித்தனியாக, தமிழில் இருக்க வேண்டும். தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். ஈரத்துக்காகக் கழிக்கும் நிறை நிலையான எண்ணாக இருக்காமல், அன்றைய கொழுந்தின் மாதிரியைத் துடைத்து நிறுத்துப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும்.

தலவாக்கலை உதவியாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. துரைக்கு எழுதும் குறிப்பில் மடுவத்துத் தராசையும் துண்டையும் முதலாவதாகவும், இரண்டு தொட்டிகளுக்கு நிறை உணரியும் மீடிறன் மாற்றியும் இரண்டாவதாகவும் வைக்கிறேன். உலர்த்தியின் வெளியேறு காற்றைப் பதிவு செய்வது இதே செலவுக்குள் அடங்கிவிடும். பிளாக்செயினுக்குப் பதிலாக ஹட்டன் நண்பர் சொன்ன மாலைக் குறியீட்டைக் கேட்கப்போகிறேன். மென்பொருளை அடுத்த ஆண்டின் எல்லாப் பருவங்களும் பதிவான பிறகே பேசுவோம்.

ஆசிரியை அவர்களின் கணக்கில் ஓர் ஐயம். மழை நாட்களில் கொழுந்தின் மேல் ஒட்டியிருக்கும் நீர் ஈட்டத்தைத் தாழ்த்திக் காட்டுமே. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து விலக்குவதா?

பண்டாரவளை டீமேக்கர் (ஓய்வு) எழுதியது:

விலக்க வேண்டாம், தம்பி. மழை நாளுக்குத் தனிப் பத்தி வைத்து, மாதிரியிலிருந்து கிடைத்த மேல்நீரைக் கழித்த நிறைக்கே ஈட்டம் கணக்கிடுங்கள். அப்போதும் வெயில் நாளின் எண்ணை ஒட்டியே வர வேண்டும். வராவிட்டால் முதலில் மடுவத்தில் மாதிரி எடுப்பவர் எந்தப் பையிலிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். மேலே உள்ள கொழுந்தை மட்டும் எடுத்தால் மேல்நீரின் அளவு சரியாக வராது.