பொருள்: ஸ்மூத் நம்பர்: ‘வழவழப்பு எண்’ வேண்டாம், ‘நொறுங்கெண்’ ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலக் கணிதச் சொல்லான ‘ஸ்மூத் நம்பர்’ என்பதற்குத் தமிழில் வந்துள்ள ‘வழவழப்பு எண்’ என்ற பரிந்துரையில் எண்ணின் குணம் எதுவும் தெரியவில்லை. ஓர் எண்ணின் பகாக் காரணிகள் எல்லாமே ஒரு வரம்புக்குள் அடங்குவதைத்தான் நாம் சொல்ல வேண்டும். 1080 = 2³ × 3³ × 5; வரம்பு 5. உடைத்தால் பெருங்கட்டி மிஞ்சாமல் பொடியாகிவிடுகிறது. எனவே ‘நொறுங்கெண்’ என முன்மொழிகிறேன். 1080 ஒரு 5-நொறுங்கெண். பிரெஞ்சில் வழங்கும் ‘ஃப்ரியாபிள்’ என்பதற்கும் இதே பொருள்தான்.

> ‘சிறுகாரணி எண்’ என்றால் மாணவருக்கு உடனே விளங்குமே ஐயா?

விளங்கும், ஆனால் தப்பாக. எல்லா இரட்டை எண்ணுக்கும் 2 என்ற சிறு காரணி உண்டு. ‘எல்லாமே சிறியவை’ என்பதுதான் இதன் உயிர். ‘பகா’ என்பதைச் சேர்த்து நீட்டினால், ‘முதன்மை எண்’ என்று படிக்கும் இலங்கை மாணவருக்கு ஒட்டாது.

சொல்லை ஒரு பெரிய எண்ணில் வைத்துப் பார்ப்போம். 2⁶⁷ − 1 = 147573952589676412927; 21 இலக்கம். இது பகு எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார், காரணி கிடைக்கவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் கண்டுசொன்னார்: 193707721 × 761838257287. இரண்டிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்:

193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677
761838257286 = 2 × 3² × 29 × 67 × 2551 × 8539

முதலாவது 3000 வரம்புக்கு நொறுங்குகிறது. இரண்டாவதில் 8539 என்ற கட்டி நிற்கிறது. 1974-இல் வந்த பொல்லார்டின் காரணி காணும் முறை, ஒன்றைக் கழித்தால் வரம்புக்குள் நொறுங்கும் பகாக் காரணியைப் பிரித்தெடுக்கும்; அதற்கு இந்த வேறுபாடு போதும். 1 முதல் 3000 வரையான எண்களின் மீச்சிறு பொது மடங்கை அடுக்காக வைத்து 3-ஐ உயர்த்துங்கள். ஒவ்வொரு பெருக்கலிலும் மூல எண்ணால் (2⁶⁷ − 1) வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எண் கட்டுக்கடங்காது. கடைசி மீதியில் 1 கழித்து, மூல எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) எடுத்தால் 193707721 வந்து விழும்.

> 3-க்குப் பதில் 2 வைத்தால் மூல எண்ணே திரும்பி வருகிறது. 3 வைத்தே வரம்பை 10000 ஆக்கினாலும் அப்படித்தான்.

முதலாவதில், 2⁶⁷-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. அடுக்கில் 67 இருப்பதால் இரு காரணிகளும் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன. இரண்டாவதில், 10000-க்குள் 8539-உம் அடங்கிவிடுவதால் இரண்டுமே நொறுங்கிவிடுகின்றன. வரம்பைக் கூட்டக் கூட்ட நல்லது என்பது இங்கே செல்லாது.

‘நொறுங்குகிறது’, ‘நொறுங்கவில்லை’ என்று வினையாகவும் வருவதைக் கவனியுங்கள். ‘வழவழப்பு’ இந்த இடத்தில் கைகொடுக்காது.

> ஏற்கிறேன். பண்புப் பெயர் ‘நொறுங்குமை’யா?

‘நொறுங்குதன்மை’ போதும், வாயில் எளிதாக வருகிறது. வரம்புக்குக் கீழே பகாக் காரணியே இல்லாத எண்ணுக்குக் ‘கட்டியெண்’ என்று வைக்கலாமா? ‘கரட்டெண்’ என்றால் மறுபடி தொட்டுணரும் உவமைக்கே போய்விடுவோம்.