25 ஜம்ப் முடிந்தது: பீர் கேட்க ஆள் இருக்கிறது, கூடக் குதிக்க ஆள் இல்லை

புதுக்குதி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், ஆறு வருடமாக அரிசோனாவில் வேலை. விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் பழகுகிறேன். போன மாதம் 25-வது ஜம்ப் முடித்து, மாணவர் நிலையைத் தாண்டியதற்கான ஏ லைசென்ஸ் வாங்கினேன். வழக்கப்படி நெற்றியில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திப் படம் எடுத்தார்கள். அம்மாவுக்கு அதை அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பிரச்சினை.

முதலாவது பீர். இங்கே புதிதாக எதைச் செய்தாலும் மற்றவர்களுக்கு ஒரு கேஸ், அதாவது ஒரு பெட்டி பீர், வாங்கித் தருவது வழக்கம். முதல் முறையாகத் தனியாகக் குதித்ததற்கு ஒரு கேஸ் வாங்கித் தர வேண்டுமாம். முதல் முறையாக உருளாமல் நின்றபடி இறங்கியதற்கு ஒரு கேஸ். முதல் முறையாகச் சொந்த ரிக் (பாராசூட்டும் அதன் முதுகுப்பையும் சேர்ந்தது; பழசுதான், வேறொருவர் 300 தடவை குதித்தது) மாட்டிக்கொண்டு ஏறியதற்கு இன்னொன்று. நான் குடிப்பதில்லை. குடிப்பவர்கள் பக்கத்தில் உட்காருவதில் சங்கடம் ஒன்றுமில்லை, என் கையால் வாங்கிக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. அதற்கு வீட்டில் ஒரு கதை உண்டு, இங்கே வேண்டாம்.

இரண்டாவதுதான் நிஜமாகவே உறுத்துவது. மாணவனாக இருந்தபோது இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். இறங்கினால் ஆளுக்கு ஆள் கை தட்டினார்கள். லைசென்ஸ் வந்த மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது. காலை எட்டு மணிக்குப் போகிறேன். மேனிஃபெஸ்டில், அதாவது எந்த லோடில் (விமானம் ஒரு தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவது) யார் யார் என்ற பட்டியலில், பெயர் கொடுக்கிறேன். 13,000 அடியிலிருந்து ஒரு நிமிடம் தனியாக விழுந்து, தனியாக இறங்கி, பாராசூட்டைக் காசு கொடுத்து மடிக்கச் சொல்லிவிட்டு, காரில் ஏசியைப் போட்டு தயிர்சாதம் சாப்பிடுகிறேன். இன்னொரு ஜம்ப். மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவேன். ஹாங்கரில் (விமானக் கொட்டகை) மற்றவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒத்திகை பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று பேரிடம் வாய்விட்டே கேட்டேன். மூவரும் சொன்ன பதில், "அடுத்த லோடில் பார்க்கலாம்."

இந்தியன் என்பதால்தானோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தப்பாக நினைக்காதீர்கள். அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஸ்லைடர்:

'முதல் முறையாக' மூன்று தடவை. மூன்று கேஸ். 'முதலாவது' என்று எழுதியதை மன்னித்து விடுகிறேன். அந்த வார்த்தையை வாயில் எடுப்பதே குற்றம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

நைலான் அக்கா:

தம்பி, நான் தூத்துக்குடி. சான் டியேகோவில் இருக்கிறேன். வயது 46. ஒன்பது வருடத்தில் 412 ஜம்ப். இது பெருமைக்குச் சொல்வதல்ல. நான் வழக்கமாகக் குதிக்கப் போகும் கலிபோர்னியாவின் பெரிஸில் ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள் செருப்பில்லாமல் காபிக்கு வரிசையில் நிற்பார்கள், அங்கே 412 என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இந்தியன் என்பதால் இல்லை. எனக்கும் அப்படித் தோன்றியது, அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். வயிறு கீழாகப் படுத்து விழும்போது மணிக்கு 190 கிலோமீட்டர் சுற்றி வேகம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாலும் கையைச் சுருக்கினாலும் அது மாறும். 25 ஜம்ப்பில் உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வந்திருக்காது, யாருக்கும் வராது. ஒருவர் மேலே இன்னொருவர் வந்து விழுந்தால் தோள்பட்டை எலும்பு போய்விடும். ஆயிரம் ஜம்ப் போட்டவர் விலகிக்கொள்வார், அறுபது போட்டவரால் முடியாது. நீங்கள் கேட்ட மூன்று பேரும் அறுபது, எழுபது ஜம்ப் போட்டவர்களாக இருந்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். தங்களுக்கே வராது என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, அடுத்த லோடு என்று தட்டிக் கழித்திருப்பார்கள்.

பெரிய இடங்களில் லோட் ஆர்கனைசர் என்று ஒருவர் இருப்பார். யாரை யாரோடு சேர்ப்பது என்பதுதான் அவர் வேலை. நேராக அவரிடம் போங்கள். எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள், 27 என்றால் 27. நான் 31-வது ஜம்ப்பில் போனேன். நாலு பேர் கைகோப்பதாகத் திட்டம், தரையில் பத்து நிமிடம் ஒத்திகை. மேலே போய் மூன்று பேர் அழகாகச் சேர்ந்தார்கள். நான் வேகமாக விழுந்து அவர்களுக்குக் கீழே போய்விட்டேன். நாற்பது விநாடி அண்ணாந்து மூன்று வயிறுகளைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன். கீழே போனால் போனதுதான், மறுபடி எழும்ப பல விதமாகக் கையை விரித்துப் பார்க்கலாம், அந்த நேரத்துக்குள் நடக்காது. 2006-ல் தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் வானத்தில் கைகோத்தார்கள். நாலாவது ஆளாக நுழைய முடியாத அன்று எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று பேரும் அடுத்த லோடிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தொளதொள ஜம்ப்சூட் ஒன்று கடன் வாங்கிக் கொடுத்தார்கள், அதில் காற்று அதிகம் பிடிக்கும், வேகம் குறையும்.

இப்போது உங்கள் எழுத்தில் எனக்கு உறுத்திய இரண்டு விஷயம். காசு கொடுத்து மடிப்பது. மூன்று மணிக்குக் கிளம்புவது.

லைசென்ஸுக்காக ஒருவர் பக்கத்தில் நிற்க மடித்துக் காட்டியிருப்பீர்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்களே மடியுங்கள். ஹாங்கர் கார்ப்பெட்டில், எல்லோருக்கும் நடுவில். துணியைத் தோளில் தொங்கப்போட்டு, லைன்களைச் சரிபார்த்து, செல்களை (காற்று நிறையும் அறைகள்) ஒவ்வொன்றாகப் புரட்டி, ஸ்லைடரை (பாராசூட் நிதானமாகத் திறக்க வைக்கும் சிறு துணி) மேலே தள்ளி, வாலைச் சுற்றித் தரையில் கிடத்தும்வரை சுலபம். அப்புறம் அதன் மேல் நீங்களே படுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அங்கேதான் ஆரம்பம். என்னுடையது அப்போது புதுத் துணி, விலாங்கு மாதிரி வழுக்கியது. இந்தப் பக்கம் பையில் நுழைத்தால் அந்தப் பக்கம் பிதுங்கி வரும். தினமும் இதையே செய்கிறவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். எனக்கு ஒன்றேகால் மணி நேரம். வேர்வை மூக்கு நுனியிலிருந்து துணியில் சொட்டியது. யாருமே உதவாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று எரிச்சல். பிறகுதான் தெரிந்தது, கேட்காமல் இன்னொருவர் பாராசூட்டைத் தொடுவது அங்கே மரியாதை இல்லை. கேட்டேன். உடனே மூன்று பேர் தரையில் மண்டியிட்டார்கள், மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு நெருக்கமானவர்கள் அந்த மூவர்தான். நீங்கள் காரில் தயிர்சாதம் சாப்பிடும் நேரத்தில் நடப்பது இதுதான்.

163-வது ஜம்ப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திறக்கும்போது ஒரு தோள் சாய்ந்திருந்தது, லைன்கள் முறுக்கிக்கொண்டன, பாராசூட் என்னைச் சுழற்ற ஆரம்பித்தது. உதைத்துப் பார்த்தேன், பிரியவில்லை. ஆல்டிமீட்டரில் (உயரம் காட்டும் கருவி) 2,600 அடி. என் லைசென்ஸுக்கு 1,800 அடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும், காத்திருக்கத் தோன்றவில்லை. அந்தப் பாராசூட்டைக் கழற்றிவிட வலது சிவப்புக் கைப்பிடி, பிறகு ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டைத் திறக்க இடது வெள்ளிக் கைப்பிடி. அவ்வளவுதான். ரிசர்வ் திறந்ததும் எங்கும் ஒரே நிசப்தம். என் சொந்தப் பாராசூட் மட்டும் ஆள் இல்லாமல் தூரத்தில் மெதுவாக மிதந்து போனது. இறங்கியதும் எனக்குக் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் ஒரு பிக்கப் வண்டியில் நாலு பேர் ஏறியிருந்தார்கள். அதே லோடில் வந்த ஒரு பையன் அது எந்தப் புதர்ப் பக்கம் விழுந்தது என்று மேலிருந்தே குறித்து வைத்திருந்தான். அந்த நாளில் ஆளுக்கு இரண்டு ஜம்ப்பாவது அவர்களுக்கு நஷ்டம். முள்ளில் கிழியாமல் ஒவ்வொரு லைனாக எடுத்து, தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ரிசர்வ் பை ஒரு வேலிக் கம்பியில் கிடைத்தது.

அமெரிக்காவில் ரிசர்வை 180 நாளுக்குள் ஒரு தடவை லைசென்ஸ் உள்ள ரிக்கர் (பாராசூட்டை மடித்துப் பராமரிப்பவர்) திறந்து பார்த்து மடித்து, சிவப்பு நூலும் ஈய முத்திரையும் வைத்து, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். என் அட்டையில் இருந்த கையெழுத்துக்காரரோடு அதுவரை நான் பேசியது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்காது. உயிர் பிழைத்தால் மடித்தவருக்கு ஒரு புட்டி என்பது வழக்கம். விஸ்கியோடு போனேன். அவர் புட்டியை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "எப்படித் திறந்தது, நிதானமாகச் சொல்" என்றார். மூன்று தடவை சொல்ல வைத்தார். அவர் மடித்தது வானத்தில் திறந்ததை அவர் பார்த்ததே இல்லை, என் வாயிலிருந்துதான் கேட்க முடியும்.

பீருக்கு வருகிறேன். கடைசி லோடு மேலே போன பிறகுதான் அந்தப் பெட்டி திறக்கும். முதல் டப்பாவை உடைத்தவர் அன்றைக்கு மறுபடி குதிக்க முடியாது. (நானும் ஒரு கேஸ், சரி ஸ்லைடர்.) நீங்கள் வாங்கித் தர வேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். எங்கள் இடத்தில் ஒரு மெக்கானிக், பல வருடத்துக்கு முன் குடியை விட்டவர். அவர் கடன் எல்லாமே தர்பூசணிதான். கத்தியும் உப்பும் அவரே கொண்டுவருவார். எதைக் கொண்டுபோனாலும் சரி, கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். இருட்டும்வரை இருங்கள்.

தரையில் நிற்பவள்:

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் சனி ஞாயிறு இரண்டு நாளும் போகிறார். காலை ஏழுக்குப் போனால் இரவு ஒன்பது. எத்தனை ஜம்ப் என்றால் "ரெண்டு". மேலே போக இருபது நிமிடம், விழ ஒரு நிமிடம், இறங்க ஐந்தாறு நிமிடம். மீதி நேரத்தில் என்னதான் செய்கிறார்கள்? மேலே எழுதியதைப் படித்தால் துணி மடிக்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டில் துவைத்த துணி மூன்று நாளாகச் சோபாவில் கிடக்கிறது.

நைலான் அக்கா:

அம்மா தாயே, அதற்கு மட்டும் எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

மீதி நேரம் காற்று நிற்கக் காத்திருக்கிறோம். மாணவர்களுக்கு மணிக்கு 14 மைல் காற்றுதான் வரம்பு, மற்றவர்கள் அவரவர் துணிச்சலுக்கு ஏற்றபடி. காற்றுப்பையை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) பார்த்தபடியே உட்கார்ந்து, போன வாரம் இறங்கியபோது யார் எப்படி உருண்டார் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். ஒரு தடவை அவரோடு நீங்களும் போங்கள். குதிக்க வேண்டாம். மடக்கு நாற்காலியும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா இத்தனை வருடமும் "இது உனக்குத் தேவையா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். 2018-ல் இந்திய ஸ்கைடைவர் ஷீதல் மகாஜன் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கஜம் புடவை கட்டிக் குதித்த செய்தி வந்ததும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "குதிக்கிறதுதான் குதிக்கிற, இப்படி லட்சணமா குதி" என்று எழுதினார். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

புதுக்குதி:

அக்கா, நன்றி. சனிக்கிழமை போய்விட்டு வந்தேன்.

ஆர்கனைசரிடம் 27 என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அவரே என்னோடு வந்தார், இரண்டு பேர் ஜம்ப். இரண்டு தடவை கை பிடித்தோம். மூன்றாவது தடவை நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன், அந்த வீடியோவை மதியம் ஹாங்கரே சேர்ந்து பார்த்தது. என் முகம் போன போக்கை ஒரு பெண் நடித்தே காட்டினார்.

கொண்டுபோனது நன்னாரி சர்பத். இந்தியக் கடையில் மூன்று புட்டி வாங்கி, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் பெட்டி நிறையக் கரைத்து வைத்தேன். கடைசி லோடு இறங்கியதும் திறந்தேன். முதலில் யாரும் தொடவில்லை. பாராசூட் மடிக்கும் பையன் ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரூட் பீர் மாதிரி இருக்கிறதே" என்றான். அப்புறம் அதில் ஒரு வழக்காடல். ரூட் பீர் பீராகுமா, ஆகாதா. பேரில் பீர் இருக்கிறது, செல்லும் என்று ஆர்கனைசர் தீர்ப்பு சொல்லி, மூன்று கேஸ் கடனையும் என் லாக்புக்கில் (ஜம்ப் கணக்கு நோட்டு) அடித்துத் தீர்த்துவிட்டார்.

கிளம்பும்போது மணி ஒன்பதே கால். மடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, உங்கள் கணக்கைத் தாண்டிவிட்டேன். கேட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே வந்து உட்கார்ந்தார்கள், இரண்டு பேர்தான். பைக்குள் தள்ளும்போது ஒருவர் என் முதுகில் கால் வைத்து அமுக்கினார். ஞாயிறு காலை, முதல் முறையாக நானே மடித்த பாராசூட்டில் குதித்தேன். கொஞ்சம் இடப்பக்கம் திரும்பித் திறந்தது, ஆனால் திறந்தது.

ஸ்லைடர்:

நான்கு.