நான்கு காடுகள், இரண்டு நாள், ஒரு மாமியார்

திருப்பூர்

மே மாத விடுமுறையில் முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு நான்கையும் இரண்டே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று என் கணவர் அட்டவணை போட்டிருக்கிறார். காலை 4.30 மணிக்கு "எழுந்திருத்தல்" என்று அதில் இருக்கிறது. தூங்கத்தான் நேரம் ஒதுக்கவில்லை. கூட வருகிறவர்கள் முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார், ஏழு வயது மகன், நான்கு வயது மகள். எனக்கு வேண்டியது பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் பேசுகிற மாதிரி ஒரு பயணம். போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கோவை

சகோதரி, உங்கள் கணவர் போட்ட அதே அட்டவணையை நானும் ஒருமுறை போட்டேன். மூன்று காடுகளைக் கடந்தோம். பார்த்தவை ஒரு மயில், எண்ணி முடியாத புள்ளிமான்கள், முன்னால் போன லாரியின் பின்பலகை. கூடலூரில் டீ குடிக்கிறேன் என்று அரை மணி நேரத்தைத் தொலைத்தோம். பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள், 2009 முதலே அப்படித்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சோதனைச் சாவடிக்கு ஒன்பதே காலுக்குப் போய் நின்றேன். திரும்பி வந்து அறை தேடி அலைந்தபோது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அடுத்த முறை முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடியில் மட்டும் மூன்று இரவு தங்கினோம். தெப்பக்காடு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர்தான். மாலையில் யானை முகாமுக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கலாம். ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம் எல்லாவற்றையும் பிசைந்து பந்துபோல் உருட்டி, பாகன் நேராக வாய்க்குள் திணிக்கிறார். ஒரு யானை மட்டும் வாயைத் திறந்தபடியே அடுத்த யானையின் கவளத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் என் மாமா பார்க்கிற அதே பார்வை.

வனத்துறை வேனில் போன சவாரியில் காட்டுமாடுகள் மட்டுமே தென்பட்டன. (எல்லோரும் காட்டெருமை என்கிறோம். அது எருமையே அல்ல, மாட்டினம். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்கும்.) யானைக்கூட்டத்தைப் பார்த்தது சவாரியில் இல்லை. மூன்றாம் நாள் மாலை, தெப்பக்காட்டிலிருந்து திரும்பும் வழியில். உள்ளூர் ஓட்டுநர் நல்ல தூரத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். ஐந்து யானைகள் சாலையைக் கடந்தன. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியிலேயே நடந்தது, நான்கு கால்களுக்கு நடுவே இன்னும் நான்கு கால்கள். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். பெரியது நின்றது. காதுகளை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தினார். அந்த ஒரு நிமிடத்தில் என் மகள் என் கையில் பதித்த நகக்குறி இரண்டு நாள் இருந்தது.

நீலகிரிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். 2024 மே மாதம் முதல் அந்த நடைமுறை இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் சவாரியை நிறுத்திவைப்பதும் உண்டு. கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தேனி

கேட்காமல் கிளம்பியவள் நான்தான். பிப்ரவரியில் மூணாறுக்குப் போய் இரவிகுளம் தேசியப் பூங்காவின் மூடிய வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மூடிவிடுகிறார்கள். நான் உயிரியல் ஆசிரியை வேறு. வெளியே சொல்லாதீர்கள்.

செப்டம்பரில் மறுபடி போனோம். பூங்கா பஸ் மேலே கொண்டுபோய் விட்டது. மூடுபனியில் எதிரே இருப்பவரின் முகமே தெரியவில்லை. திடீரென்று பக்கத்தில் புல்லைக் கரகரவென்று பிடுங்கும் சத்தம். பனி விலகியபோது இரண்டு அடி தள்ளி ஒரு வரையாடு நின்றது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நம் மாநில விலங்கை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது பக்கத்து மாநிலத்தில்! குறிஞ்சி பார்க்க ஆசையிருந்தால் பொறுங்கள். 2018-இல் பூத்தது, இனி 2030.

பாலக்காடு

கூட்டமே வேண்டாம் என்றால் சைலன்ட் வேலி. கோவையிலிருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாக முக்காலி வரவேண்டும். அங்கிருந்து 23 கிலோமீட்டர் வனத்துறை வண்டியில் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. அந்தப் பாதை முதுகைப் பதம் பார்த்துவிடும் என்பதால் உங்கள் மாமியாருக்கு நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் அட்டைகளும் விடாது.

வண்டி போய் நிற்கும் சைரந்திரியில் நின்றிருந்தபோது என் தோளில் ஏதோ விழுந்தது. முள்முள்ளான பழத்தோல். அண்ணாந்து பார்த்தால் வெடிப்பலா மரத்தின் உச்சியில் சிங்கவால் குரங்கு ஒன்று. முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதியின் தோரணை. விதையைத் தின்றுவிட்டுத் தோலை ஒவ்வொன்றாக எங்கள்மேல் போட்டது. கீழே ஓடும் குந்திப் புழையில்தான் அணை கட்டப் பார்த்தார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டு, 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கட்டியிருந்தால் நான் நின்ற இடத்துக்குக் கீழே எது வரை தண்ணீர் நின்றிருக்கும் என்று வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார். எங்கள் குழுவில் அதுவரை செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்.

யாழ்ப்பாணம்

எங்கள் இலங்கையில் யால தேசியப் பூங்கா என்றால் சிறுத்தை, சிறுத்தை என்றால் யால. போனோம். ஒரு சிறுத்தை தென்பட்டதாகத் தகவல் வந்ததும் எல்லாச் சாரதிகளும் ஒரே ஒழுங்கைக்குள் ஜீப்புகளைச் செருகிவிட்டார்கள். புழுதிக்குள் நாங்கள் பார்த்தது ஒரு வால் நுனி. அது மரக்கிளையாகவும் இருந்திருக்கலாம் என்று என் தம்பி இன்றுவரை வாதிடுகிறான்.

பிறகு வில்பத்துக்குப் போனோம். காட்டுக்கு நடுவே மழைநீர் தேங்கி நிற்கும் 'வில்லு' என்கிற இயற்கைக் குளங்கள்தான் அதன் அழகு. ஒரு வில்லுக் கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தோம். சிறுத்தை வரவில்லை. ஒரு முதலை வாயைத் திறந்து வைத்தபடி கிடந்தது. ஒரு மணித்தியாலமும் அது வாயை மூடவே இல்லை. பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

திருப்பூர்

போய்வந்துவிட்டோம். மசினகுடி, மூன்று இரவு, வேறு எங்கும் இல்லை. அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் மகன் யானை வரைந்துவிட்டதால் அதை என் கணவர் திரும்பக் கேட்கவில்லை.

சவாரியில் எங்களுக்குக் கிடைத்தது புள்ளிமான் மட்டும். மாமியார் முழங்கால் வலி என்று விடுதித் திண்ணையிலேயே இருந்துவிட்டார். நாங்கள் திரும்பியதும் சாவகாசமாகச் சொன்னார்: "வேலிக்கு அந்தப் பக்கம் நான்கு நாய்கள் போயின. செம்மண் நிறம். வாலில் மட்டும் கறுப்புக் குஞ்சம். குரைக்கவே இல்லை, விசில் அடித்தன."

விடுதிக்காரர் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். செந்நாய்! எத்தனையோ பேர் அதற்காகவே வந்து பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறார்களாம். அத்தை அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவருக்கு ஒரே கவலைதான். அந்த நாய்களுக்கு யாராவது சோறு வைக்கிறார்களா?