புலி தனித்திருக்க, சிங்கம் ஏன் கூடி வாழ்கிறது?

கேள்வி – ஆசிரியை, அம்பாசமுத்திரம்

களக்காடு–முண்டந்துறைக் காட்டில் புலி தனியே திரியும்போது, அதன் நெருங்கிய இனமான சிங்கம் மட்டும் ஏன் கூட்டமாக வாழ்கிறது என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சேர்ந்து வேட்டையாடுவதற்காக என்று சொல்லியிருக்கிறேன். அது போதுமான விடையா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – பாளையங்கோட்டை

வேட்டையும் ஒரு காரணம்தான் அம்மா, ஆனால் முதற்காரணம் அதுவன்று. தான்சானியாவின் செரங்கெட்டிச் சமவெளியில் 1966 முதல் சிங்கங்களை ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே கிரெய்க் பாக்கரும் ஆன் பியூசியும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டதில், இரை அருகிய பருவத்தில் தனித்து வேட்டையாடும் பெண் சிங்கத்துக்குக் கிடைக்கும் இறைச்சி, பெருங்கூட்டத்தில் தலைக்குக் கிடைக்கும் பங்குக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. அப்படியிருந்தும் அவை பிரிந்து போவதில்லை, ஏனெனில் காக்க வேண்டியவை குட்டிகளும் நிலமும்.

கூட்டத்தின் உயிர்நாடி பெண்களே. தாய், மகள், சகோதரி, சித்தி எனத் தாய்வழி உறவினர் பிறந்த இடத்திலேயே தங்க, ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் வெளியேறிவிடுகின்றன. வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்து கூட்டத்தைக் கைப்பற்றினால், பால்குடிக் குட்டிகளைக் கொன்றுவிடுவது வழக்கம். குட்டியை இழந்த தாய் விரைவில் மீண்டும் இணைசேர ஆயத்தமாகிவிடும் என்பதே அதன் காரணம். அதனால் ஒத்த வயதுக் குட்டிகளுடைய தாய்மார் ஒன்றாகத் தங்கி, ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டி, வரும் ஆண்களைச் சேர்ந்து எதிர்க்கின்றன. தனித்த தாயால் இது இயலாது. அயல் பெண் சிங்கங்களின் கர்ச்சனையை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தபோது, தம் எண்ணிக்கை எதிரியினும் மிகுந்திருந்தால் துணிந்தும், குறைந்திருந்தால் தயங்கியும் அவை நெருங்கியதை 1994இல் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் வியப்பளித்த ஆய்வு இதுதான்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணாச்சி. அப்படியானால் நம் புலிக்கு அந்தத் தேவை ஏன் எழவில்லை?

மறுமொழி – பாபநாசம்

அடர்ந்த காட்டில் மிளாவும் பன்றியும் சிதறிக் கிடக்கின்றன. மறைந்து பாயவும், வீழ்த்தியதை ஒளித்துவைத்துத் தின்னவும் புலிக்கு இடமுண்டு. திறந்த சமவெளியிலோ வீழ்ந்த இரை தொலைவிலிருந்தே தெரிந்து, கழுதைப்புலிகளும் பிற சிங்கங்களும் வந்து சேர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: மேலே சொன்னது ஆப்பிரிக்கச் சிங்கங்களின் வாழ்க்கை. 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருந்த நம் குஜராத்தில், கிர் பகுதியில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் வெவ்வேறு குழுக்களாகவே வாழ்ந்து, இணைசேரவும் பெரிய இரை விழும்போதும் மட்டுமே கூடுகின்றன. அங்கே ஒரு பெண் சிங்கம் பல ஆண் குழுக்களோடு இணைவதால், குட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்ற நிலையில் ஆண்கள் அதைக் கொல்வது குறைகிறது.